மாலையும் மருந்தும்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் குடிநோயும் மீட்புக்கான உதவியும்

ஆய்வுச் சுருக்கம்

குடிநோயை ஒழுக்கக் குறையாகக் காணும் பார்வை தமிழ்ச் சமூகத்தில் இன்றும் வலுவாக உள்ளது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கார்த்திகை மாதத்து ஐயப்ப விரதம், குடிப்பழக்கமுடைய பலர் ஆண்டுக்கொருமுறை தாமே முன்வந்து குடியை நிறுத்தும் காலமாக அமைகிறது. இவ்விரதம் மீட்புக்கு எவ்வாறு துணை செய்கிறது, எந்நிலையில் உயிருக்கு ஆபத்தாகக் கூடும், மருத்துவ உதவி அதனோடு இணைய வேண்டிய இடங்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தேசிய அளவிலான கணக்கெடுப்புகள், மருத்துவத் துறையில் நிலைபெற்ற கருத்துகள், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆகியன இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: குடிநோய், விலகல் அறிகுறிகள், ஐயப்ப விரதம், மதுவிலக்கு, குற்றாலம், மனநலப் பராமரிப்புச் சட்டம்

முன்னுரை

குற்றாலத்திற்கு ஆண்டில் இரண்டு கூட்டங்கள் வருகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையின் சாரலோடு வருவது ஒன்று. பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி ஆகியவற்றில் நீராடுவதற்காகத் தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் இக்கூட்டத்தில், குடிப்பதையே சுற்றுலாவின் முதற்பகுதியாகக் கொண்டு வரும் நண்பர் குழுக்களும் உண்டு. கார்த்திகை முதல் நாளில் தொடங்கித் தை பிறக்கும்வரை வருவது மற்றொன்று. கறுப்பும் நீலமும் காவியும் உடுத்து, துளசிமணி அல்லது உருத்திராக்க மாலை அணிந்து, சபரிமலைக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் அருவியாடிக் குற்றாலநாதரை வணங்கிச் செல்வோர் இவர்கள். அருவி ஒன்றே, கடைவீதியும் ஒன்றே. சாரல் காலத்தில் குடித்தவர்களுள் சிலரே கார்த்திகையில் மாலையணிந்து வருகின்றனர் என்று கொள்வதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

குடியை நிறுத்த இயலாதவர் எனக் குடும்பமும் ஊரும் முடிவு கட்டிவிட்ட ஒருவர், நாற்பத்தொரு நாள் அதனைத் தொடாமல் இருக்கிறார் என்றால் அந்நாள்களில் அவரைத் தாங்கி நிற்பது எது? அதே மனிதர் மாலை கழற்றிய மறுநாளே பழைய நிலைக்குத் திரும்புவது ஏன்? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. இது கள ஆய்வறிக்கை அன்று. கிடைத்துள்ள மருத்துவ, சட்ட, வரலாற்றுச் செய்திகளை இவ்வட்டாரச் சூழலில் பொருத்திப் பார்க்கும் விளக்கக் கட்டுரை.

சொல்லும் பார்வையும்

சங்க இலக்கியத்தில் கள், தேறல், நறவு, மட்டு, அரியல், தோப்பி எனக் குடிவகைகளுக்குப் பல பெயர்கள் உள்ளன. அவற்றை மிகுதியாக உண்டு சீரழிந்தவனைக் குறிக்க நோய்ப்பொருள் தரும் தனிச்சொல் அங்கு இல்லை. இன்றைய வழக்கில் உள்ள 'குடிகாரன்' என்பது பழிப்புச் சொல். 'குடிமகன்' என்பது நாட்டுரிமை பெற்றவனையும் குடிப்பவனையும் ஒருசேரச் சுட்டி நகைப்புக்கு உரியதாகிவிட்டது. 'குடிநோயாளர்' என்னும் சொல் அண்மைக் காலத்தில் மறுவாழ்வு மையங்களின் வழியாகவும் மனநல மருத்துவர்களின் எழுத்துகள் வழியாகவும் பரவியது. பழிக்குரியவரைப் பராமரிப்புக்குரியவராக மாற்றும் சொல் என்பதால் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். வரைவின் மகளிர், சூது ஆகிய இரண்டுக்கும் நடுவே அது வைக்கப்பட்டுள்ளது. மருந்து என்னும் அதிகாரம் 95ஆவதாக வருகிறது. கள்ளுண்பவனை இழிவுக்கு உரியவனாகக் காட்டும் அதிகாரத்திற்கும், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகக் காணும் அதிகாரத்திற்கும் இடையே சூது என்னும் ஓர் அதிகாரமே உள்ளது. பொதுமேடைகளில் முன்னதே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. பின்னதைக் குடிநோயோடு பொருத்திப் பேசுவோர் அரியர்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களும் இங்குத் தனியே நோக்கத்தக்கவை. போதையில் இருப்பவனிடம் காரணம் காட்டிப் பேசுவது பயன் தராது என்பது ஒன்றன் கருத்து. தான் தெளிந்திருக்கும் வேளையில் போதையில் கிடக்கும் இன்னொருவனைக் காணும்போது தன் நிலை தனக்கு விளங்காதா என்று கேட்பது மற்றது. போதையில் இருக்கும்போது வாதிடாதீர்கள், தெளிந்த நேரத்தில் பேசுங்கள் என்பதே இன்று குடும்பத்தாருக்கு ஆலோசகர்கள் கூறும் முதல் அறிவுரை. குடித்து மீண்டவர் இன்னொரு குடிநோயாளருக்குக் கண்ணாடியாக நிற்பது, பின்னர்ச் சுட்டப்படும் தோழமைக் குழுக்களின் அடிப்படை.

சட்டத்தின் எல்லை

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அப்போது தென்காசியில் அச்சட்டம் செல்லும். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டையில் செல்லாது. ஏனெனில் செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியைச் சேர்ந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கைக்கு வந்தது. 2023–24ஆம் நிதியாண்டில் மது வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

எல்லை ஊர்களுக்கு இவ்வரலாறு ஒரு பாடத்தைத் தருகிறது. தமிழகத்தில் 1987 முதல் கள் விற்பனைக்கு இடமில்லை. புளியரைச் சோதனைச்சாவடியைக் கடந்து கேரளத்திற்குள் சென்றால் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. கடையை மூடுவதால் புதிதாகக் குடிக்கத் தொடங்குவோர் குறையலாம். அதற்காகவேனும் அது வேண்டத்தக்கதே. ஆயினும் சார்புநிலைக்கு ஆட்பட்டுவிட்டவருக்குக் கடை மூடப்படுவது மருத்துவம் ஆகாது.

அளவும் உடலும்

மருத்துவத்தில் தூய ஆல்கஹால் 10 கிராம் கொண்ட பானம் ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் போன்றவை 42.8 விழுக்காடு செறிவுடையவை. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 61 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதாவது ஆறு அலகு. அதனை இருவர் பகிர்ந்துகொள்ளும் 'கட்டிங்' மூன்று அலகு. 'ஒரு குவார்ட்டர்தான் சாப்பிட்டேன்' என்னும் சமாதானத்தை இக்கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பது 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாடு.

கல்லீரலில் கொழுப்புப் படிதல், அழற்சி, இறுக்கம் என வளரும் சிதைவு, கணைய அழற்சி, நரம்புத் தளர்ச்சி, இதயத்தசை நலிவு, வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல் ஆகியவற்றின் புற்றுநோய் என விளைவுகள் நீளும். இவை பெரிதும் அறியப்பட்டவை. ஒன்றை மட்டும் சுட்டலாம். குடியினால் வரும் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, கண்ணின் மஞ்சள் வடிந்ததும் நோய் தீர்ந்ததாகக் கொண்டு மீண்டும் குடிக்கத் தொடங்குவது நம் ஊர்களில் காணக்கூடிய வழக்கம். நிறம் மாறுகிறது, ஈரலின் சிதைவு தொடர்கிறது. கொழுப்புப் படியும் தொடக்க நிலையில் குடியை முற்றாக விட்டால் சில வாரங்களிலேயே ஈரல் பெரும்பாலும் தேறிவிடும் என்ற நற்செய்தியும் அத்தகையோரைச் சென்றடைவதில்லை.

திடீர் நிறுத்தம் என்னும் ஆபத்து

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, ஆல்கஹாலின் மந்தப்படுத்தும் விளைவுக்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொண்டு இயங்கப் பழகுகிறது. மது திடீரென நின்றால் மந்தம் நீங்கிக் கிளர்ச்சி மட்டும் எஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். 48 மணி நேரத்திற்குள் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இன்னும் கடுமையான நிலை ஒன்று வரலாம். இடமும் காலமும் புரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற பொய்த்தோற்றங்கள், காய்ச்சல், மிகுந்த நாடித்துடிப்பு ஆகியன அதன் குறிகள். 'டெலிரியம் டிரெமென்ஸ்' எனப்படும் இந்நிலை, சிகிச்சை கிடைக்காவிடில் உயிரைப் பறிக்க வல்லது.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இவ்வுண்மை பொதுவெளிக்கு வந்தது. கேரளத்தில் குடிநோயாளர்களின் தற்கொலைகள் செய்தியாயின. மருத்துவர் சான்று அளித்தால் மது வழங்கலாம் என அம்மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் அதனை எதிர்த்தனர். ஏப்ரல் 2ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. விலகல் அறிகுறிகளுக்கு மருந்து மது அன்று. குளோர்டயசிபாக்சைடு, லோரசிபாம் போன்ற மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை என்பது மருத்துவர்களின் வாதம். அது சரியான வாதம். ஆனால் அம்மருந்தும் மருத்துவரும் எட்டும் தொலைவில் இல்லாதவருக்கு அவ்வாதத்தால் பயனில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டது.

இனி, கார்த்திகை முதல் நாளில் மாலையணியும் குடிநோயாளரை எண்ணிப் பார்க்கலாம். முந்தைய இரவுவரை குடித்தவர் விடியலில் குளிர்ந்த நீராடி மாலையேற்கிறார். அன்றே விலகல் தொடங்குகிறது. ஒருவேளை உணவு என்னும் நோன்பு, ஏற்கெனவே தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைந்த உடலை மேலும் தளர்த்தும். மூன்றாம் நாள் அவருக்குக் குழப்பமும் பொய்த்தோற்றமும் வந்தால், அருள் வந்ததாகவோ விரதத்தில் குறை நேர்ந்ததாகவோ பொருள்கொள்ள இடமுண்டு. அருவியில் நீராடினால் சித்தம் தெளியும் என்னும் நம்பிக்கை குற்றாலத்தைச் சார்ந்து நெடுங்காலமாக நிலவுவது. விலகல் நிலையில் இருப்பவரை வழுக்குப் பாறையில், விழும் நீரின்கீழ் நிறுத்துவது, வலிப்பு வந்தால் உயிரிழப்பில் முடியும்.

'குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்' என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. தயமின் குன்றிய உடலில், அச்சத்தைச் செலுத்தாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவது மூளைக்குக் கேடு விளைக்கக் கூடும். அவ்வாறு நேரும் 'வெர்னிக்கே' மூளை நலிவைக் கவனியாது விட்டால் நிலையான மறதிநோயாக முடியலாம். எனவே முதலில் தயமின் செலுத்துவது மருத்துவ வழக்கம்.

விரதம் செய்யும் பணி

ஆபத்தை இத்துணை விரிவாகக் கூறியதால் விரதத்தைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. சிகிச்சை மையங்கள் பெரும் பொருட்செலவில் உருவாக்க முயலும் சூழலை விரதம் செலவின்றி உருவாக்கிவிடுகிறது.

முதலாவது, அழைப்பு மாறுகிறது. நேற்றுவரை பெயரிட்டும் ஏசியும் அழைத்த ஊர் இன்று 'சாமி' என்கிறது. மனைவியும் பிள்ளைகளும் அவ்வாறே விளிக்கின்றனர். தம்மைப் பற்றிய இழிவுணர்வே பல குடிநோயாளரை மீண்டும் மதுவிடம் தள்ளுகிறது என்பதை அறிந்தோர், இவ்வொரு சொல்லின் ஆற்றலை எளிதில் உணர்வர். அடுத்து, கூட்டாளிகள் மாறுகின்றனர். குடித்தோழர்கள் தாமாகவே விலகி நிற்பர். மாலையணிந்தவரைக் குடிக்க வற்புறுத்தும் துணிவு எவருக்கும் வாராது. 'ஒரு நாளைக்குக் குடித்தால் என்ன' என்னும் அழைப்பை மறுக்கும் திறனைப் பயிற்றுவதற்கு ஆலோசனை அமர்வுகளில் பல மணி நேரம் செலவாகிறது. மாலையோ அவ்வழைப்பே எழாதவாறு செய்துவிடுகிறது.

மாலைப்பொழுது நிரம்புகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடிவேட்கை மிகும் அந்தி வேளையில் நீராடலும் சரண முழக்கமும் பசனையும் வந்து நிற்கின்றன. பலமுறை மலைக்குச் சென்ற குருசாமி ஒருவர் கன்னிசாமியைப் பொறுப்பேற்று வழிநடத்துகிறார்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இரு குடிநோயாளர்கள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் கட்டமைப்போடு இதனை ஒப்பிடலாம். நெடுநாள் குடியாதிருப்பவர் புதியவருக்குத் துணைநிற்றல், தன்னினும் மேலான ஆற்றல் ஒன்றிடம் ஒப்படைத்தல், ஒவ்வொரு நாளாகக் கடத்தல் ஆகியன இரண்டிற்கும் பொது. வேறுபாடு கால எல்லையில் உள்ளது. விரதத்திற்கு முடிவுநாள் உண்டு. அவ்வியக்கத்தின் கூட்டங்களுக்கு முடிவுநாள் இல்லை. விரதத்தில் 'நான் குடிநோயாளன்' என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை என்பதும் ஒரு வேறுபாடு. அது வசதிதான், நோய் பெயரிடப்படாமலே போவதற்கும் அதுவே காரணம்.

குடும்பம்

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், சுரண்டை எனப் பரந்த இவ்வட்டாரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றி ஈட்டும் கூலி பல குடும்பங்களைத் தாங்குகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் வரும் அக்கூலியைக் கணவனின் குடிக்கு எட்டாமல் காப்பது தனியொரு போராட்டம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் இவ்வளவு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. குடிப்பவர் பெரிதும் ஆண். சுமப்பவர் பெரிதும் பெண்.

இச்சுமை தாங்காத நிலையில் குடும்பத்தார் நாடும் வழிகளுள் ஒன்று, உணவிலோ காப்பியிலோ அவர் அறியாமல் மருந்து கலப்பது. டைசல்ஃபிரம் என்னும் மருந்து ஆல்கஹாலின் சிதைவை இடைவழியில் தடுத்து அசிட்டால்டிஹைடைத் தேங்கச் செய்வது. அதன்மேல் குடித்தால் முகம் சிவத்தல், வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியன ஏற்படும். சிலருக்கு இறப்பும் நேரலாம். 1940களின் இறுதியிலிருந்து மருத்துவத்தில் வழங்கும் இம்மருந்து, நோயாளியின் முழு அறிவோடும் ஒப்புதலோடும் மட்டுமே தரத்தக்கது. 'குடியை மறக்கடிக்கும் பொடி' என விளம்பரமாகி, உள்ளடக்கம் தெரிவிக்கப்படாமல் விற்கும் பொருள்களின் நிலை இன்னும் மோசமானது. அவற்றை வாங்கும் மனைவியையோ தாயையோ பழிப்பதற்கில்லை. அவர்களுக்கு வேறு கதவு எதுவும் காட்டப்படவில்லை.

உதவி கிடைக்கும் இடங்கள்

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 5.7 கோடிக்கு மேற்பட்டோருக்கு மதுப் பழக்கம் தொடர்பான உதவி தேவை என்று மதிப்பிட்டது. மதுச் சார்புநிலையில் உள்ளவருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றவர். 180 பேரில் ஒருவரே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர். எஞ்சிய 37 பேரும் திருந்த மறுத்தவர்கள் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. அவர்களுள் சிலரேனும் கார்த்திகைதோறும் மாலையணிபவராக இருக்கக்கூடும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை தென்காசி நகரிலேயே உள்ளது. கடுமையான நிலைக்கு, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணிலும், போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணை 14446 என்பதிலும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளர் மட்டுமின்றிக் குடும்பத்தாரும் பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் உண்டாகும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. இதனால் குடிநோயாளருக்குச் சிகிச்சை பெறும் உரிமையும், கொடுமைக்கு ஆளாகாத உரிமையும் சட்டப்படி உண்டு. பதிவு பெறாத மையங்களில் அடைத்துவைப்பதும், அடிப்பதும், குடும்பத்தோடு பேசவிடாமல் தடுப்பதும் சட்டமீறல். மையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்த பின்னரே ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வாராதவரைத் தேடிச் செல்லும் முறைக்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாம் அமைத்து, ஊர்ப் பெரியவர்களின் துணையோடு குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்து வந்துள்ளது. ஊரே சாட்சியாக நிற்கும் சிகிச்சை அது. கார்த்திகைக்கு முந்தைய ஐப்பசியில் அத்தகைய முகாம் ஒன்று தென்காசியிலோ செங்கோட்டையிலோ நடக்குமானால், மாலையணிய எண்ணும் குடிநோயாளர் மருத்துவக் கண்காணிப்பில் ஏழு முதல் பத்து நாள்களில் விலகல் நிலையைக் கடந்து, தெளிந்த உடலோடு விரதத்தைத் தொடங்கலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. குருசாமிகளுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். 'தினமும் குடிப்பீர்களா, காலையில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா' என்னும் மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்ற விடை வந்தால், மாலைக்கு முன் மருத்துவரிடம் அனுப்ப அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாலை கழற்றிய பின்

குடியை விட்டிருந்த நாள்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. முன்பு குடித்த அதே அளவு இப்போது மிகுதியாகத் தாக்கும். விரதம் முடித்தவர் முதல் நாளே பழைய அளவைக் குடித்து விபத்துக்கு உள்ளாவது இதனால் நேரலாம். மீண்டும் குடித்துவிட்டால் அதனைத் தெய்வக் குற்றமாகக் கருதி நாணுவதும், அந்நாணத்தை மறைக்கவே மேலும் குடிப்பதும் தொடரும். மருத்துவம் இதனை மீள்சரிவு என்று கூறும். நீரிழிவில் சர்க்கரை மீண்டும் ஏறுவது போன்ற ஒரு நிகழ்வாகவே அதனைக் கொண்டு சிகிச்சையைத் தொடரும். வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகளுக்கு உரிய காலம் இதுவே. கல்லீரலின் நிலையை அறிந்தே மருத்துவர் அவற்றைத் தேர்வார்.

நாள்காட்டியும் இங்கு நமக்கு எதிராக நிற்கிறது. மகரவிளக்குக் கண்டு மலையிறங்கி மாலை கழற்றும் நாள்களே பொங்கல் நாள்கள். ஆண்டின் மிகுதியான மது விற்பனை பதிவாகும் நாள்களுள் அவையும் அடங்கும். ஆதலால் மருத்துவமனையின் தொடர்சந்திப்பு, தோழமைக் குழுவின் முதற்கூட்டம் ஆகியவற்றைத் தை முதல் வாரத்திலேயே குறித்துவிட வேண்டும். மாசிக்குத் தள்ளினால் காலம் கடந்துவிடும். அவ்வாரத்தில் டாஸ்மாக் கடைகள் அரசாணைப்படி மூடியிருக்கும் நாள் ஒன்று உண்டு. அது தை இரண்டாம் நாள், திருவள்ளுவர் நாள். முதற்சந்திப்பை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.